செருப்பைத் தொட்ட கை

தொட்டாயிற்று. அவர் செருப்பின் அடிப்பக்கத்தை, விரல் நுனியால் பட்டும் படாமலும் இல்லை, ஜெபின் சார் சொன்னபடி உள்ளங்கை முழுக்க அழுத்தித் தேய்த்துத் தொட்டாயிற்று. இனி இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கிடக்க வேண்டும். மகள் சாரு பள்ளிக்கூடம் விட்டு வருகிறவரைக்கும் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, சேலையில் ஒற்றக் கூடாது, மனசுக்குள் கழுவிக்கொள்ளவும் கூடாது. கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றுக்காக அவன் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம். மனசுக்குள் குழாயைத் திறந்து, மனசுக்குள் சோப்புப் போட்டு, முழங்கை வரை அலசிக்கொள்வேன் என்பது என் புருஷனுக்குத் தெரியாது, பெற்ற தாய்க்குத் தெரியாது, இத்தனை வருஷமாக நான் படியேறி இறங்கிய எந்த டாக்டருக்கும் தெரியாது. நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கிற, மீசைகூடச் சரியாக முளைக்காத இந்தப் பயலுக்கு எப்படித் தெரிந்தது? “அக்கா, உள்ளுக்குள்ள கழுவுனாலும் கழுவுனதுதான்” என்றான். நேரில் அவனைச் சார் என்றுதான் கூப்பிடுகிறேன். மனசுக்குள் அவன் அவன்தான். மத்தியானம் நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பான், அந்தக் கையால் எனக்குச் சிகிச்சை.

வலது கை அந்தரத்தில் நிற்கிறது. சேலையில் பட்டுவிடக் கூடாதென்று முட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறேன். இதுவும் ஏமாற்று என்பான். சரி, வைக்கிறேன். மடியில் வைத்தாயிற்று. சேலை போச்சு. சேலை போனால் நாற்காலி போச்சு, நாற்காலி போனால் கூடம் போச்சு, கூடத்திலிருந்து அடுப்படிக்கு எத்தனை தூரம்? நேற்று அவர் இதே செருப்பைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். மார்க்கெட் என்றால் மார்க்கெட் மட்டுமா, அதற்கு முன்னால் கறிக்கடை வாசலில் ஓடுகிற சிவப்புத் தண்ணீர், பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம், வெற்றிலை எச்சில், யாரோ காறித் துப்பியது, துப்பியவனுக்கு என்ன வியாதியோ. அத்தனையும் இப்போது என் ரேகைகளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. மூக்கு அரிக்கிறது. எப்போதும் இல்லாமல் இப்போதுதான் அரிக்கும். இடது கையால் சொறியலாம், ஆனால் இடது கை வலது கையைத் தொட்டதா இல்லையா? செருப்பை எடுக்கும்போது வாரைப் பிடித்தது எந்தக் கை? ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்றால் தொட்டது என்றுதான் கணக்கு. மூக்கு அரித்துக்கொண்டே கிடக்கட்டும். நூற்றுக்கு எவ்வளவு பயம் அக்கா என்று கேட்பான். காய்ச்சலா அளக்கிறாய்? நூறுதான். எழுதிக்கொள்.

இதெல்லாம் எதற்கு? சாருமதியை வாசலில் வைத்துக் கட்டிக்கொள்வதற்கு. அவ்வளவுதான் எனக்கு வேண்டும். ஒன்பது வயதுப் பெண். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாள்முதல், வந்த கோலத்தில் ஒருநாளும் நான் அவளைத் தொட்டதில்லை. புறவாசல் வழியாக வர வேண்டும், ஷூவை வெளியே விட வேண்டும், சாக்கின்மேல் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும், யூனிஃபார்ம் வாளிக்குள் போக வேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துவட்டி, வேறு பாவாடை மாற்றி, அதற்கப்புறம்தான் வா கண்ணு. அதற்குள் அவள் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோயிருக்கும். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தாளாம் ஒருநாள். அந்தக் கப்பையும் கழுவித்தான் கையில் வாங்கினேன். அவர் இதுவரை பொறுத்தார். இந்த மாசத்தோடு சரி, அப்புறம் பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுவிடுவேன் என்று போன வாரம் சொல்லிவிட்டார். சத்தம்கூடப் போடவில்லை. சாம்பாரில் உப்புக் குறைவு என்பதுபோலச் சொன்னார். அக்கா என்றால் வடிவு மதினி, அடுத்த தெரு. அவர் சொன்னதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும், தெரிவதால்தான் அவர்மேல் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. இன்றைக்கு அவள் முன்வாசல் வழியாக வருவாள், இந்தக் கையால், இந்தக் கழுவாத கையால் அவளை உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டும், குளிக்கச் சொல்லக் கூடாது. இதுதான் வீட்டுப்பாடம். கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவளுக்கு வந்த வீட்டுப்பாடம். அந்த வேலையையும் இந்தக் கைதான் தின்றது. பிள்ளைகள் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிய ரெக்கார்டு நோட்டுகளை என்னால் தொட முடியவில்லை.

யாரைச் சொல்வது? எங்கள் வீடுகளைத்தான் சொல்ல வேண்டும். சைவப்பிள்ளைமார் வீடு. ஒரு பைத்தியக்காரி இருபது வருஷம் கழுவிக்கொண்டே இருக்கலாம், கண்டுபிடிக்க மாட்டார்கள், மெச்சுவார்கள். பத்தாவது படிக்கும்போதே எனக்குத் தோல் உரிந்தது. கோவில்பட்டியில் தெருவே சொல்லும், செண்பகவல்லி கை பட்டால் பாத்திரம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று. பெண் பார்க்க வந்தபோது அம்மா அதைத்தான் முதலில் சொன்னாள், சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம் என்று. பி.எஸ்.சி. அதற்கப்புறம்தான். வந்தவர்களும் எங்க வீட்டுக்கு ஏத்த பொண்ணு என்று பூ வைத்துவிட்டுப் போனார்கள். விடியுமுன் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றால் பக்தி. இரண்டாம் தடவை குளித்தால் ஆசாரம். மூன்றாம் தடவை குளித்தபோது மாமனார் அக்கம்பக்கத்தில் பெருமையடித்தார். வேறு வீட்டில், பிள்ளைகள் மீன் செதிலோடு ஓடி வந்து அம்மா மடியில் கை துடைக்கிற வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தால் ஒரே வாரத்தில் பிடித்திருப்பார்கள். ஏளா ஒனக்கு என்ன செய்யுது என்று எவளாவது ஒருத்தி கேட்டிருப்பாள். இங்கே கேட்கவில்லை. தண்ணீர் மோட்டார் எரிந்துபோன அன்றைக்குத்தான் கேட்டார்கள். மோட்டாருக்கு இருந்த மரியாதை.

அப்புறம் ஆரம்பித்தது ஊர்வலம். முதலில் கோடாங்கி. உடுக்கை அடித்து, தண்ணீரில் செத்தவள் ஒருத்தி என்மேல் வந்திருப்பதாகச் சொன்னான். அவன் பூசிய திருநீற்றைக் கழுவ எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. பிறகு மாத்திரை டாக்டர். முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார், ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, மாத்திரை கொஞ்சம் கேட்டது, பாதி வாளி குறைந்தது. மிச்சத்துக்கு மனோதத்துவம் என்றார்கள். அப்போது நான் வெறிபிடித்ததுபோலப் படித்தேன், ஃபோனில், படித்த திமிர் போகாதே. இந்தத் துறைக்கே வயது நூற்றுச் சொச்சம்தான். அமெரிக்காவில் ஒரு டீச்சர், ஸ்பெல்லிங் வராத ஒரு பையனை யுனிவர்சிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாளாம், இவனுக்கு ஏன் வரவில்லை, மனசைப் படித்த உங்களுக்குத் தெரிய வேண்டாமா என்று. அங்கிருந்துதான் இந்த ஆஸ்பத்திரி மனோதத்துவம் தொடங்கியது என்கிறார்கள். படித்தபோது அழுதுவிட்டேன். எங்கள் டீச்சர் இனத்தவள். பிள்ளைக்கு ஒன்று என்றால் பெரிய படிப்புக்காரன் சட்டையைப் பிடித்துக் கேட்கிறவள். எனக்காக ஒரு டீச்சரும் யார் சட்டையையும் பிடிக்கவில்லை. செண்பகத்தின் நோட்டைப் பாருங்கள், ஒரு கறை உண்டா என்று வகுப்புக்கு வகுப்புக் காட்டினார்கள்.

கை. ஈ ஒன்று வந்து உட்கார்கிறது. உள்ளங்கையில். ஈக்குத் தெரிகிறது, எனக்குத்தான் சொல்கிறார்கள் ஒன்றுமில்லை என்று. விரட்டலாமா? விரட்டக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. விரட்டினால் போய்ச் சாதப் பானையில் உட்காரும். உட்கார் ஈயே, நீயும் உட்கார்.

சென்னை டாக்டரை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பெரிய பெயர், வெள்ளைத் தாடி, அவர் வழி வியன்னாவிலிருந்து வந்த வழி. சாய்வு சோபாவில் படுத்துக்கொண்டு மனசில் வருவதையெல்லாம் சொல்ல வேண்டும், அவர் தலைமாட்டில் கண்ணுக்குப் படாமல் உட்கார்ந்து கேட்பார். அந்தச் சோபாவின் தலைப்பக்கத்தில் விரித்திருந்த துண்டில் கறுப்பாக எண்ணெய்க் கறை. எத்தனை பேர் தலை. நான் படுக்க மாட்டேன் என்று விளிம்பில் விறைப்பாக உட்கார்ந்தேன். “இந்த மறுப்புக்கு ஓர் அர்த்தம் இருக்கு. எதை விட்டுக்கொடுக்க மனசு வரலை உங்களுக்கு?” என்றார். ஐயா, துண்டை மாற்றிப் போடுங்கள். அவ்வளவுதான் அர்த்தம். கேட்டாரா? என் அம்மா எனக்குச் சின்ன வயதில் கக்கூஸ் போக எப்படிப் பழக்கினாள், அடித்தாளா, மிரட்டினாளா, அதைத்தான் மாதக்கணக்கில் கிண்டினார். வாரம் தவறாமல் ராத்திரி ரயிலில் பாலிதீன் விரித்து உட்கார்ந்து போய், அம்மாவைக் கூண்டில் ஏற்றிவிட்டு வந்தேன். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, தறியில் வேலை செய்து களைத்துப்போய், ஒருநாள் அதட்டியிருப்பாள். எந்தத் தாய்தான் அதட்டவில்லை? நான் ஒரு வருஷம் அவளோடு ஃபோனில் பேசவில்லை. டாக்டர் பேசாதே என்று சொல்லவில்லைதான். பேசு என்றும் சொல்லவில்லை. அந்த வருஷத்தில்தான் அம்மா போய்ச் சேர்ந்தாள். கை அப்படியே இருந்தது. அம்மா போய்விட்டாள், கை அப்படியே இருந்தது. அந்தத் தாடியைப் பிடித்து இந்தக் கையால், இப்போது, இந்தச் செருப்புக் கையால் உலுக்கினால்தான் என் ஆத்திரம் தீரும்.

மதுரையில் ஒரு மேடம். அவள் நல்லவள், அதுதான் கஷ்டம். நோயாளி என்றே சொல்ல மாட்டாள். மனுஷிக்குள்ளேயே மருந்து இருக்கிறது, நாம் அன்பாகக் கேட்டால் போதும், தானாக மலரும் என்கிற வழி. நான் கை அழுக்காக இருக்கிறது என்பேன். கை அழுக்கா இருக்கறதா உங்களுக்குத் தோணுது என்பாள். ரொம்பப் பயமாக இருக்கிறது என்பேன். ரொம்பவே பயப்படுறீங்க என்பாள். மலைக்கோயிலில் கத்தினால் திரும்பி வருமே, அப்படி. இருந்தாலும் அங்கேதான் வாய்விட்டு அழுதேன், யாரும் கடிகாரத்தைப் பார்க்காமல் அழவிட்டது அங்கேதான். அழுது முடித்து, மனசு லேசாகி, வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழுவினேன். அதற்கடுத்தது இந்த ஊரிலேயே ஒருத்தி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுவிட்டாள், நினைப்பு வந்தால் அதைச் சுண்டி இழுத்து, ‘நிறுத்து’ என்று சொல்ல வேண்டுமாம். ரப்பர் பேண்டைக் கழுவினேன். பிறகு ஒருவர், நினைப்பைச் சோதித்துப் பார்ப்பவர். உங்கள் எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன? கெமிஸ்ட்ரி டீச்சரிடம் ஆதாரம் கேட்கிறார். கிருமி எத்தனை நேரம் உயிரோடிருக்கும், எந்தச் சோப்பு எதைக் கொல்லும், அடுக்கிவிட்டேன். கடைசியில் அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். சிரிப்பு வருகிறது இப்போது. அன்றைக்கு வரவில்லை. ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு கொடி, ஒவ்வொருவரும் முன்னால் பார்த்தவரின் பெயரைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். நூறு வருஷமாகப் போடுகிற சண்டையை என் தோலில் வைத்துப் போட்டார்கள். தோல் வெடித்து ரத்தம் கசிந்தபோது ஒருவராவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்று சொன்னதுண்டா?

கையை மறந்திருந்தேன். எவ்வளவு நேரம்? கோபத்தில் இருந்தபோது கை எங்கே போயிற்று? ஐயோ, ஞாபகப்படுத்திக்கொண்டேனே. இதோ வந்துவிட்டது, எரிகிறது, விரலுக்கு நடுவில் பிசுபிசு என்று. ஆனால் முன்னைப்போல இல்லையோ? இல்லை, இருக்கிறது. போய்க் கழுவிவிடலாம், யாருக்குத் தெரியும், நாலு எட்டு வைத்தால் குழாய். நாலே எட்டு. சாரு கேட்டால் கழுவவில்லை என்று சொல்லிவிடலாம். பொய் சொல்லிக் கட்டிப்பிடிக்கலாம். அந்தப் பொய் கட்டிப்பிடித்த பிள்ளைமேல் ஒட்டாதா? உட்கார், செண்பகம். உட்காரு.

அந்தக் குழந்தையை நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வருகிறேன். வந்தே விட்டது. அமெரிக்காவில் ஒரு கைக்குழந்தை, தவழ்கிற வயது. எதற்கும் பயப்படாத குழந்தையாம், அதனாலேயே ஒரு சோதனைக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளெலியை விட்டார்கள், குழந்தை ஆசையாகக் கை நீட்டியது. தொட்ட அதே நொடியில் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். மறுபடி எலி, மறுபடி இரும்பு. கொஞ்ச நாளில் எலியைப் பார்த்தாலே குழந்தை அலறி, திரும்பித் தவழ்ந்து ஓடியது. பிறகு முயலுக்கும் அழுதது, ரோமத்துக்கும் அழுதது. பயம் கற்றுக்கொள்வதுதான் என்று நிரூபித்தாகிவிட்டது, சந்தோஷம். அந்தப் பயத்தை யாரும் எடுத்துவிடவில்லை. அதற்குள் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். படுபாவிகளா. பெற்றவள் அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள் என்று எழுதியிருக்கிறது. அவளுக்குக் கேட்டிருக்குமா அந்தச் சத்தம்? அன்றைக்கு ஃபோனைக் கட்டிலில் எறிந்துவிட்டு அந்தச் சோதனை நடத்திய ஆளைத் திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு இடத்தில் வாய் அடைத்துவிட்டது. சாருவுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். செருப்பு ஸ்டாண்டுவரை நடந்து போய் அப்பா செருப்பைச் சிரித்துக்கொண்டே தூக்கினாள். நான் கத்தினேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த தடவை குப்பைக் கூடை, அதற்கும் கத்தினேன். அப்புறம் கதவுக் கைப்பிடி, அப்புறம் தபால்காரர் கொடுத்த கவர். இந்த வீட்டில் இரும்பும் நான்தான், சுத்தியலும் நான்தான்.

இல்லை, அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை, அவ்வளவுதான். நான் சொல்வதால் கழுவுகிறாள். நான் நிறுத்திவிட்டால் நிறுத்திவிடுவாள். அந்த அமெரிக்கக் குழந்தைக்கு அப்புறம் சில வருஷத்தில் மனசைப் படித்த ஒருத்தி வந்தாள், அவளிடம் இன்னொரு பையன், முயலுக்குப் பயந்தவன். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, முயலை எட்டத்தில் வைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கடைசியில் மடியில் வைத்துத் தடவ வைத்துவிட்டாள். ஒரு பொம்பளைக்குத்தான் தோன்றியிருக்கிறது, பயத்தை உண்டாக்குவது பெரிய வித்தை இல்லை என்று. அதே வழிதான் நீண்டு நீண்டு வந்து, லண்டனில் என்னைப்போலக் கழுவுகிறவர்களுக்குக் குழாயையே மூடி வைத்துவிட்டு நர்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள் என்றும், கழுவாமல் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பே தெரிந்துகொண்டது என்றும் ஜெபின் சொன்னான். சொன்னதோடு விடவில்லை. தன் செருப்பைக் கழற்றி, அடியைத் தேய்த்து, அதே கையால் மேசையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்றான். “நான் செத்துட்டேனான்னு அடுத்த வாரம் வந்து பாருங்க அக்கா” என்றான். போன வாரம் போனேன். இருந்தான். கொஞ்சம் ஜலதோஷம். அவன்மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் அது வேறு மாதிரிக் கோபம். என்னை வைத்து எதையும் நிரூபிக்காமல், எனக்கு முன்னால் தான் தொட்டானே, அந்தக் கோபம். இத்தனை வருஷம் எங்கேயடா இருந்தாய் என்கிற கோபம்.

ஸ்கூட்டர் சத்தம். வடிவு மதினிதான் தன் பையனோடு சேர்த்து இவளையும் கூட்டி வருகிறவள். எழுந்தேன். கால் மரத்திருந்தது. கை இருந்தது.

“ஏட்டி செம்பகம், பொறவாசல் கதவத் தொறக்கலயா? பிள்ள இங்கன நிக்கா பாரு.”

“முன்னால வரட்டும் மதினி. நான்தான் சொன்னேன்.”

கதவைத் திறந்தேன். படியில் சாரு. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையையும் உடம்பில் படாமல் விரித்துக்கொண்டு நின்றாள். ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. இப்படி, கசங்கின சட்டையோடு, வேர்த்த முகத்தோடு, என் பிள்ளையை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. எவ்வளவு அழகாக இருந்தாள். வலது கையை நீட்டினேன்.

“வா சாரு. அப்படியே வா.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

“கை கழுவுனியாம்மா?”

“கழுவல.”

“எதத் தொட்ட?”

“அப்பா செருப்ப.”

இருபது வருஷமாக உள்ளேயிருந்து மட்டும் எனக்குத் தெரிந்த ஒரு முகத்தை அப்போதுதான் வெளியேயிருந்து பார்த்தேன். கண் விரிந்தது, உதடு வெளுத்தது. என் முந்தானை படாமல், கதவு நிலை படாமல், வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து ஓடினாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்தது.

மதினி கைதட்டிச் சிரித்தாள்.

“பாத்தியாட்டி! இந்த வயசுல என்னா சுத்தம்! அப்படியே ஒன்ன உரிச்சு வச்சிருக்கு. எங்க வீட்டு எருமையும் இருக்கே, கையக் கழுவுன்னு சொன்னா அடிக்க வாரான். இவ எங்க வீட்டுக்கு வந்தா அவனும் திருந்திருவான்.”

“சிரிக்காதீங்க மதினி.”

“இப்ப என்ன சொல்லிட்டேன்?”

“அது சுத்தமில்ல. சீக்கு.” என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும். “எனக்கு இருக்கே, அதே சீக்கு. இனிமே எம் பிள்ளையச் சுத்தக்காரின்னு ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. நீங்க சொல்லக் கூடாது. ஒங்க தம்பி சொல்லக் கூடாது. சொன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

“நல்லதத்தானட்டி சொன்னேன்” என்றாள் மதினி. அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. என் அம்மாவுக்கும் இப்படித்தான் புரிந்திருக்காது.

குளியலறைக் கதவுக்கு வெளியே ஈரத்தரையில் உட்கார்ந்தேன். கதவில் கையை வைத்தேன். வலது கையை. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

“சாரு.”

“உள்ள வராதம்மா.”

“வரல. நீ வாரவரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

தண்ணீர் ஒரு நிமிஷம் நின்றது. திரும்பவும் திறந்தது. திரும்பவும் நின்றது.

“கை கழுவிட்டியா?”

“இல்ல.”

“ஒனக்குப் பயமா இல்லயாம்மா?”

“ரொம்பப் பயமா இருக்கு” என்றேன். “கழுவாமத்தான் இருக்கேன்.”